ஆயில் பிரஷர் மீட்டரும் ஹீட் மீட்டரும்: பழைய டீசல் ஜீப்புக்கு மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா?

மலைச்சாலை (வால்பாறை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி. அண்மையில்தான் எஞ்சினை முழுவதும் பிரித்து பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினோம். அதற்குச் செலவழித்த தொகை எனக்குப் பெரிது. அந்த எஞ்சினை நல்லபடியாகக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

டேஷ்போர்டில் ஆயிலுக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உள்ளது. ஹீட் மீட்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் எஞ்சின் சூடானதும் அதன் முள் நடுவில் போய் நின்றுவிடுகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு ஏறி முடித்தாலும் அதே இடத்தில் நிற்கிறது, வீட்டு வாசலில் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்படி) விட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே எண்களைக் காட்டும் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றும் ஹீட் மீட்டர் ஒன்றும் தனியாகப் பொருத்த விரும்புகிறேன். கடைக்காரர் இரண்டு வகைகளையும் எடுத்து வைத்தார். மெக்கானிக்கல் என்றால் எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் டேஷ்போர்டு வரை வருகிறது. எலெக்ட்ரிக்கல் என்றால் எஞ்சினில் ஒரு சென்சார், அதிலிருந்து வயர் வருகிறது. என் வண்டியின் வயரிங் பழையது. பல கைகள் பட்டது. எது துல்லியமானது, எது நெடுநாள் உழைக்கும், எது ஆபத்து குறைந்தது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். டேஷ்போர்டில் மூன்றாவது துளை ஒன்றும் காலியாக உள்ளது. அதில் ஆம்பியர் மீட்டர் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, முதலில் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கின் சுவிட்ச், ஆயிலின் அழுத்தம் 0.3 அல்லது 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கிய பிறகே விளக்கை எரிய விடும். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் பத்து பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு), அதாவது ஏறத்தாழ 0.7 பார் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுவான கணக்கு. அந்தக் கணக்கின்படி 3000 சுற்றில் 2 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டிய எஞ்சினில் 1 பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு எரியாது. பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். விளக்கு எரிகிற நேரத்தில் பெரும்பாலும் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. எனவே மீட்டர் போடுவது என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது.

எந்த வகை என்று கேட்டால், இந்த எஞ்சினுக்கு நான் மெக்கானிக்கல்தான் சொல்வேன். ஆயில் பிரஷர் மீட்டரின் உள்ளே இருப்பது 1849இல் யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கி வில்போல வளைத்த ஒரு பித்தளைக் குழாய். ஒரு முனை அடைக்கப்பட்டிருக்கும், மறு முனையில் எஞ்சின் ஆயில் நுழையும். அழுத்தம் ஏற ஏற அந்தக் குழாய் நிமிரப் பார்க்கும். திருவிழாக் கடையில் விற்கும் சுருள் ஊதலை ஊதினால் அது நீள்வதைப் போலத்தான். அந்தச் சிறிய அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்புகிறது. பேட்டரியின் வோல்டேஜ், எர்த் (மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு), சென்சாரின் மின்தடை எதுவும் இதில் குறுக்கே வருவதில்லை. முள் 270 டிகிரி சுற்றுவதால் 0.2 பார் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியையே பெரிதாக எதிர்பார்க்காது. அதன் மீட்டரும் அப்படி இருப்பதுதான் பொருத்தம்.

குழாயில் காற்று நின்றால் கணக்கு தவறுமா என்று சிலர் கேட்பார்கள். முள் கொஞ்சம் சோம்பலாக அசையும். நிலைக்கு வந்த பிறகு காட்டும் அளவு சரியாகவே இருக்கும். எஞ்சினைவிட மீட்டர் உயரத்தில் இருப்பதும் பொருட்டல்ல, ஏனெனில் ஒரு மீட்டர் உயர ஆயிலுக்கு 0.1 பார்கூட வராது.

ஓம்விதி (ஓசூர்)

பட்டறை அண்ணன் சொன்ன பூர்தோன் குழாயின் நம்பகத்தன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எலெக்ட்ரிக்கல் என்றாலே தோராயம் என்ற எண்ணம் பழைய காலத்து மீட்டர்களைப் பார்த்து ஏற்பட்டது. அதை வகை பிரித்துப் பார்க்க வேண்டும்.

1960களின் பிரிட்டிஷ் கார்களிலும் அவற்றை ஒட்டி வந்தவற்றிலும் இருந்த மீட்டர்களில் ஈருலோகத் தகடு ஒன்று சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். அதற்குச் சராசரியாக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று தனியாக இருக்கும். அது கெட்டால் பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒருசேரப் பொய் சொல்லும். அடுத்து வந்தவை குறுக்குச் சுருள் மீட்டர்கள். இரண்டு சுருள்களில் ஓடும் மின்னோட்டங்களின் விகிதத்தைப் பார்த்து முள் நிற்பதால், பேட்டரி 12 வோல்ட்டில் இருந்தாலும் 14 வோல்ட்டில் இருந்தாலும் அளவு மாறாது. இப்போது நல்ல நிறுவனங்கள் தருபவை ஸ்டெப்பர் மோட்டார் மீட்டர்கள். அவையும் 270 டிகிரி சுற்றும். சாவியைத் திருப்பியதும் முள் முழுச் சுற்று போய்த் திரும்பித் தன்னையே சோதித்துக்கொள்ளும். துல்லியத்தில் அவற்றுக்கும் மெக்கானிக்கலுக்கும் ஓட்டுநர் உணரக்கூடிய வேறுபாடு கிடையாது.

என் கவலை வேறு. எஞ்சின் ஓடும்போது 3, 4 பார் அழுத்தத்தில், 90 டிகிரிக்கு மேல் சூடேறிய ஆயிலை, ஓட்டுநரின் முழங்கால் வரை ஒரு மெல்லிய நைலான் குழாயில் கொண்டுவருவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். வயர் அறுந்தால் மீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். குழாய் அறுந்தால் எஞ்சினின் ஆயிலே வெளியேறுகிறது. காப்பாற்றப் போட்ட மீட்டரே எஞ்சினைக் கெடுக்கும் வழியாக ஆகிவிடக் கூடாது.

ஆம்பியர் மீட்டரைத் தவிர்த்துவிடுங்கள். வண்டியின் முழு மின்னோட்டத்தையும் டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் அமைப்பு அது. டைனமோ காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில், பழைய வயரிங்கோடு சேர்ந்தால், தளர்ந்த ஒரு நட்டு போதும், தீப்பிடிக்க. அந்தத் துளைக்கு வோல்ட் மீட்டர் போடுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள்.

மலைச்சாலை

இருவருக்கும் நன்றி. வோல்ட் மீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஆயில் குழாயைப் பற்றிப் படித்ததும் தயக்கம் கூடிவிட்டது. சூடான ஆயில் காலில் கொட்டும் என்பது உண்மையிலேயே நடக்கக்கூடியதா, அல்லது எச்சரிக்கைக்காகச் சொல்லப்படுவதா? ஹீட் மீட்டரின் குழாயிலும் எஞ்சினின் தண்ணீர் டேஷ்போர்டு வரை வருமா?

மைனர்1098 (யாழ்ப்பாணம்)

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர். எங்கள் ஊரில் இவ்வகைக் கார்கள் இன்னும் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மெக்கானிக்கல் ஹீட் மீட்டரின் குழாயில் எஞ்சினின் தண்ணீர் வருவதில்லை. அது முழுவதும் மூடி முத்திரையிடப்பட்ட அமைப்பு. எஞ்சின் பக்கத்தில் பென்சில் பருமனுள்ள ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து நூல்போன்ற துளையுள்ள ஒரு செப்புக் குழாய். அதன் மறுமுனையில் பூர்தோன் குழாய். குமிழுக்குள் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். தண்ணீர் சூடேறச் சூடேற அதன் ஆவியழுத்தம் ஏறி முள்ளைத் திருப்பும். ஆவியழுத்தம் வெப்பத்தோடு சீராக ஏறாமல் மேலே போகப் போக விரைவாக ஏறுவதால், முகப்பில் 40, 50 டிகிரிக் கோடுகள் நெருங்கியும் 90, 100, 110 டிகிரிக் கோடுகள் அகன்றும் இருக்கும். நமக்குக் கவனம் தேவைப்படுகிற இடத்தில்தான் அது விரிவாகக் காட்டுகிறது என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தக் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. கூர்மையாக மடிந்துவிட்டாலும், உராய்ந்து ஓட்டை விழுந்தாலும், ஈதர் போய்விடும். அதோடு மீட்டரின் ஆயுளும் முடியும். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் கொண்டுபோகும்போது குமிழ் நுழையக்கூடிய அளவுக்குப் பயர்வோலில் (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டில்) துளை பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு இறப்பர் வளையம் கட்டாயம்.

எங்களுக்கு மெக்கானிக்கலைத் தெரிவு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. அக்காலத்து மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் இலத்திரனியல் மீட்டர்கள் எதிர்முனை எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே பொருத்தினால் எரிந்துபோகும். முழுக் காரையும் எதிர்முனை எர்த்துக்கு மாற்ற விரும்பாதவர்களுக்கு ஒயிலுக்கும் வெப்பத்துக்கும் குழாய் மீட்டர்களே வழி. உங்கள் ஜீப்பில் இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும், பல கைகள் பட்ட வயரிங் என்று எழுதியிருக்கிறீர்கள், பற்றறியின் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவைப் பட்டறை

யாழ்ப்பாணத்து ஐயா எழுதியது முழுக்க உண்மை. ஹீட் மீட்டரைப் பொறுத்தவரை மெக்கானிக்கல் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆயில் கொட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நடக்கக்கூடியதுதான், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மீட்டர் அல்ல, பெட்டியோடு வரும் நைலான் குழாயும் அதைக் கொண்டுபோகும் வழியும்தான். நைலான் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்க்கு) அருகே போனால் இளகும். பயர்வால் தகட்டின் விளிம்பில் ரப்பர் இல்லாமல் நுழைந்தால் சில மாதங்களில் அறுபடும். செப்புக் குழாய் இளகாது. ஆனால் அதிர்வில் செம்பு நாளடைவில் கெட்டித்தன்மை ஏறி முறியும். அதனால்தான் எஞ்சினை விட்டு வெளியே வந்ததும் இரண்டு மூன்று சுற்று வளையமாக விட்டுக் கொண்டுபோவார்கள். எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளில் ஆடுகிறது, பயர்வால் ஆடுவதில்லை. அந்த ஆட்டத்தை வளையம் வாங்கிக்கொள்ளும். இரண்டையும்விடச் சிறந்தது, எஃகுப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ். விலை கூடுதல், ஆனால் பிரேக் ஹோஸ் செய்கிறவர்களிடம் அளவு சொன்னால் செய்துகொடுப்பார்கள். எஞ்சின் பக்கத்து இணைப்பில் ஊசித்துளை அளவுள்ள அடைப்பான் ஒன்று வைத்தால், ஹோஸே அறுந்தாலும் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். அழுத்தத்தைக் காட்டுவதற்கு ஆயில் ஓட வேண்டியதில்லை, நின்றாலே போதும் என்பதால் அந்தச் சின்னத் துளையால் அளவு குறையாது.

இப்போது எலெக்ட்ரிக்கல் பக்கத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆயில் பிரஷர் சென்சார் என்பது டப்பாபோலக் கனமான பொருள். அதைப் பித்தளை ‘டீ’ (மூன்று வாயுள்ள T வடிவ இணைப்பு) ஒன்றில் பழைய சுவிட்சோடு சேர்த்து எஞ்சின் பிளாக்கில் நேராக முறுக்கிவிடுவார்கள். டீசல் எஞ்சினின் அதிர்வில் அந்தக் கனம் ஆடி ஆடி, டீயின் கழுத்து மரையோடு ஒட்டி முறிந்துவிடும். அப்படி முறிந்தால் ஊசித்துளையில் அல்ல, முழுத் துளையிலேயே ஆயில் பீய்ச்சும். ஆக, வயர் மட்டும்தான் அறுபடும் என்று ஓம்விதி நண்பர் எழுதியது பொருத்துகிற விதத்தைப் பொறுத்தது. சென்சாரை பிளாக்கில் தொங்கவிடாமல், ஒரு குட்டை ஹோஸ் வழியாகக் கொண்டுவந்து பயர்வாலின் எஞ்சின் பக்கத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்த வேண்டும்.

மரையையும் கவனியுங்கள். வெளிநாட்டு மீட்டர்களோடு வரும் இணைப்புகள் பெரும்பாலும் 1/8 அங்குல என்.பி.டி. மரை (அமெரிக்கக் குழாய் மரை), அங்குலத்துக்கு 27 பல், 60 டிகிரிக் கோணம். ஜப்பானிய எஞ்சின்களின் பிளாக்கில் பெரும்பாலும் இருப்பது 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. மரை (பிரிட்டிஷ் குழாய் மரை), அங்குலத்துக்கு 28 பல், 55 டிகிரி. ஐரோப்பிய வண்டிகளில் எம்10, எம்12 என்று மில்லிமீட்டர் அளவு மரைகள் வரும். 27 பல் மரை 28 பல் துளையில் ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும். அதன் பிறகு இறுகும். டேப் சுற்றி இறுக்கினால் நிற்கிறது என்று விட்டுவிடுவார்கள். பிளாக்கின் மரை கெடுவது அப்படித்தான். உங்கள் பழைய சுவிட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டர்போ_திருச்சி

தலைப்பு பழைய ஜீப் என்றாலும், புதிய டீசல் வைத்திருப்பவர்கள் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, சில இடங்களில் தேர்வே கிடையாது. எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தை கே வகைத் தெர்மோகப்பிள் (இருவேறு உலோகக் கம்பிகள் சேர்ந்த, வெப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் உணரி) கொண்டுதான் அளக்கிறார்கள்; ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் என்ற மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் படிக்க எலெக்ட்ரானிக் மீட்டர் வேண்டும். டர்போ பூஸ்ட்டுக்கு (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு) நேர் எதிர்: இன்டேக்கிலிருந்து சிறிய வேக்குவம் ஹோஸ் ஒன்றை இழுத்தால் மெக்கானிக்கல் மீட்டர் உடனுக்குடன் காட்டும், குழாயில் வருவது வெறும் காற்று என்பதால் பயமும் இல்லை. பெட்ரோல் வண்டியில் எரிபொருள் அழுத்த மீட்டரை மட்டும் மெக்கானிக்கலாகக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. சென்சார் வெளியே, வயர் உள்ளே என்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

ஓ.பி.டி. சாக்கெட் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) உள்ள வண்டிகளில் தண்ணீரின் வெப்பநிலையைப் படிக்க தனி மீட்டரே தேவையில்லை. புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. பார்க்கும் அதே எண்ணைக் கைபேசியில் பார்க்கலாம். ஆயில் அழுத்தம் மட்டும் பல வண்டிகளில் அப்படிக் கிடைக்காது, ஏனெனில் அங்கே இருப்பது வெறும் சுவிட்ச்தான்.

ஓம்விதி

சென்சாரை பிளாக்கில் தொங்கவிடக் கூடாது என்று பட்டறை அண்ணன் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அப்படித் தள்ளி நிறுத்தும்போது சென்சாருக்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை முனைச் சென்சார்கள் தங்கள் உடல் வழியாகத்தான் எர்த் பெறுகின்றன. ஹோஸ் வழியாக நிறுத்தினால் அந்த வழி அறுந்துவிடும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் பலவீனப்படும்.

எர்த் கொஞ்சம் கெட்டால் என்ன ஆகும் என்பதை எண்களோடு பார்ப்பது நல்லது. வி.டி.ஓ. நிறுவனத்தின் வெப்பச் சென்சாரின் மின்தடை 40 டிகிரியில் சுமார் 290 ஓம், 90 டிகிரியில் சுமார் 51, 100 டிகிரியில் சுமார் 38, 120 டிகிரியில் சுமார் 22. சூடேறினால் மின்தடை குறைகிறது. துருப்பிடித்த எர்த்தில் 5 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 100 டிகிரியில் இருக்கும்போது மீட்டர் 38க்குப் பதிலாக 43 ஓமைப் பார்க்கும். 96 டிகிரி என்று காட்டும். அதே நிறுவனத்தின் அழுத்தச் சென்சாரில், அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அளவில் ஏறத்தாழ 180 ஓம். 10 பார் சென்சார் என்றால் ஒரு பாருக்குச் சுமார் 17 ஓம். அதே 5 ஓம் பிழையால் மீட்டர் 0.3 பார் கூடுதலாகக் காட்டும். ஐடிலில் 0.7 பார் இருக்கும் எஞ்சின் 1 பார் இருப்பதாகத் தோன்றும்.

இரண்டு பிழைகளும் நமக்கு ஆறுதல் தரும் திசையிலேயே போகின்றன என்பதுதான் இதில் கவலைக்குரியது. வெப்பம் குறைவாகவும் அழுத்தம் கூடுதலாகவும் தெரியும். வயர் முழுவதும் அறுந்தாலோ, ஹீட் மீட்டர் கடைசிக் குளிர்ச்சிக்கும் ஆயில் மீட்டர் உச்சத்துக்கும் போகும். இதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க வகையில், அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அளவில் 33 ஓம் என்று தலைகீழாக இருப்பதால், கெட்ட எர்த் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். அது பாதுகாப்பான திசை. இந்த இரண்டு வகைகளையும் கலக்கக் கூடாது. ஒரு வகைச் சென்சாரை மற்ற வகை மீட்டரோடு இணைத்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

நீங்கள் எலெக்ட்ரிக்கல் ஆயில் மீட்டர் வாங்குவதென்றால் மூன்று வயர் சென்சார் உள்ளதாக வாங்குங்கள். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால், அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட் திருப்பித் தரும். பூஜ்யம் என்பது பூஜ்ய வோல்ட்டாக இல்லாததால், வயர் அறுந்ததா, அழுத்தமே இல்லையா என்று மீட்டரால் பிரித்தறிய முடியும். எர்த்தும் தனி வயரில் வருவதால் எஞ்சின் உடலின் துருவை அது சார்ந்திருப்பதில்லை.

கோவைப் பட்டறை

ஓம்விதி நண்பர் கணக்குப் போட்டுக் காட்டியதைத்தான் என் கண்கள் பட்டறையில் பார்த்திருக்கின்றன. மீட்டர் நல்லபடி காட்டுகிறதே என்று ஓட்டிக்கொண்டு வந்து ஹெட் கேஸ்கட் போன வண்டிகள் உண்டு. ஆனால் ஹீட் மீட்டரில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்ற வேறுபாடே கிடையாது. குமிழானாலும் சென்சாரானாலும் தண்ணீரில் முழுகியிருக்க வேண்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால் குமிழ் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். மலை ஏறிக்கொண்டிருக்கும்போது முள் காரணமில்லாமல் இறங்கினால் மகிழ்ச்சி அடையாதீர்கள்; உடனே வண்டியை நிறுத்துங்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் தண்ணீர் அளவு காட்டும் சுவிட்சும் பஸ்ஸரும் போட்டால் இந்த ஓட்டையும் அடைபடும்.

குமிழ் பொருத்தும் இடம் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட்டுக்கு (சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வுக்கு) முன்னால் எஞ்சின் பக்கத்திலோ இருக்க வேண்டும். இடம் இல்லையென்று மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினிய இணைப்பு வைப்பவர்கள் உண்டு. அங்கே தெர்மோஸ்டாட் திறக்கும்வரை சூடு வராது. திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் மீட்டர் குளிர்ச்சியாகவே காட்டும். மேலும் இருபுறமும் ரப்பர் ஹோஸ் இருப்பதால், ஒற்றை முனை எலெக்ட்ரிக்கல் சென்சாருக்கு அங்கே எர்த்தே கிடையாது.

மலைச்சாலை

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் என் நன்றி. எந்த வகை உயர்ந்தது என்று கேட்டது சரியான கேள்வி அல்ல என்றும், பயர்வாலைத் தாண்டி எதை உள்ளே கொண்டுவருகிறோம் என்று ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் புரிந்துகொண்டேன். என் முடிவை எழுதுகிறேன்; தவறிருந்தால் திருத்துங்கள்.

ஹீட் மீட்டர் மெக்கானிக்கல். அதன் குழாயில் எஞ்சினின் தண்ணீர் வருவதில்லை, என் பழைய வயரிங்கை அது நம்பியிருக்கவில்லை, 90 டிகிரிக்கு மேல் விரிவாகக் காட்டுகிறது. ஆயில் மீட்டர் எலெக்ட்ரிக்கல், மூன்று வயர் சென்சார். பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாகப் புதிய வயர், தனி எர்த். சென்சார் பயர்வாலின் எஞ்சின் பக்கத்தில் கிளாம்பில் நிற்கும். பிளாக்கிலிருந்து அதுவரை எஃகுப் பின்னல் ஹோஸ், தொடக்கத்தில் ஊசித்துளை அடைப்பான். பழைய சிவப்பு விளக்கின் சுவிட்சை எடுக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் உள்ளது. கடையில் 6 அடி, 12 அடி என இரண்டு நீளங்களில் ஹீட் மீட்டர் இருக்கிறது. இரண்டில் எதை வாங்குவது? பொருத்துவதற்கு முன் அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

கோவைப் பட்டறை

உங்கள் முடிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை தம்பி. என் சொந்த வண்டி என்றால் அந்தப் பின்னல் ஹோஸையே இன்னும் சற்று நீட்டி மெக்கானிக்கல் ஆயில் மீட்டர்தான் வைப்பேன். அதில் நானும் ஓம்விதி நண்பரும் ஒத்துப்போக மாட்டோம். நீங்கள் சொன்ன அமைப்பிலும் ஹோஸ் இருக்கிறது, ஆனால் அது எஞ்சின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அது நல்லதுதான். பழைய விளக்கோடு, 1 பாரில் எரியும் இன்னொரு சுவிட்சையும் பஸ்ஸரையும் அதே டீயில் சேர்த்துவிடுங்கள். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது யாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சூடான ஐடிலில் 1 பாருக்குக் கீழே போகிற எஞ்சின் என்றால் அந்தச் சுவிட்சின் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் கத்தினால் வயரைப் பிடுங்கிவிடத் தோன்றும்.

நீளம் 6 அடி போதும். வாங்குமுன் ஒரு நூலை எடுத்து, குமிழ் வரும் இடத்திலிருந்து மேனிஃபோல்டை விட்டு விலகிப் போகும் வழியாக டேஷ்போர்டு வரை பிடித்து அளந்துவிடுங்கள். மிச்சமிருக்கும் குழாயை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றி, எஞ்சினுக்கும் பயர்வாலுக்கும் நடுவில் தொங்காமல் கட்டிவிடுங்கள்.

ஓம்விதி

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, குமிழை அடியில் படாமல் முழுவதும் முழுகும்படி பிடித்து, முள் நிலைக்கு வரும்வரை பாருங்கள். வால்பாறை ஏறத்தாழ 3500 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 96 அல்லது 97 டிகிரியிலேயே கொதிக்கும். மீட்டர் அந்த அளவைக் காட்டினால் அது சரியான மீட்டர். பொள்ளாச்சியில் வாங்கும்போதே கடையில் சோதிப்பதென்றால் 99க்கு அருகில் காட்ட வேண்டும். மூன்று, நான்கு டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டினால் வேறொன்றை மாற்றித் தரச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் ஹீட் மீட்டரில் நாம் திருத்திக்கொள்ள எந்த வசதியும் இல்லை.